சஸ்பென்ஷன் அப்கிரேட்: 50,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு லேபர் பில்லைப் படித்தால்

ஷாக்கப்ஸர் விலையை சென்னை ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பவர்கள்கூட, லேபரை மட்டும் “மொத்தமா எவ்வளவுண்ணே?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் 50,000 கிலோமீட்டர் கழித்து அந்த அப்கிரேட் நன்றாக இருக்கிறதா, கடகடவென்று அடிக்கிறதா என்பதில் பாகத்துக்கு இருக்கும் பங்கு பொருத்திய விதத்துக்கும் இருக்கிறது.

முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கப்ஸரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்டும் போலோவும் இந்த வகைதான். முன்பக்க ஜோடிக்கு நிதானமாக இரண்டரை மணி நேரம், பின்பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 600 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,832 ரூபாய். அலைன்மெண்ட் தனி. கடைக்குக் கடை ரேட் மாறும், மணிக்கணக்கு அவ்வளவாக மாறாது. அதனால் எஸ்டிமேட் கேட்கும்போது எத்தனை மணி நேர வேலை என்றும் கேளுங்கள். நாலு சக்கரமும் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று சொல்லும் இடத்தில் எதையோ விட்டுவிடப்போகிறார்கள்.

இந்தக் கூலி பெரும்பாலும் கழற்றுவதற்குத்தான். ஸ்ட்ரட்டை ஒரு தடவை இறக்கிவிட்டால் மேல் மவுண்ட், மவுண்ட் பேரிங், டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப்பர் எல்லாம் கைக்கு வந்துவிடும். அப்போதே புதிதாகப் போட்டால் கூடுதல் லேபர் கிட்டத்தட்ட இல்லை. பழைய பேரிங்கை விட்டுவைத்து ஆறு மாதம் கழித்து ஸ்டீரிங் திருப்பும்போது “டொங்” என்று ஸ்பிரிங் துள்ளினால், அதே இரண்டரை மணி நேரத்துக்கு மறுபடி 1,770 ரூபாய், கூடவே இன்னொரு அலைன்மெண்ட். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வருகிற செலவு இது.

வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் அதன் நட்டு துருப்பிடித்து, பால் ஸ்டட் (நட்டு ஏறும் உருண்டை முனைத் தண்டு) கூடவே சுற்றும். ஆலன் கீ போடும் குழியும் வழுக்கிவிட்டால் கிரைண்டர் வைத்து அறுப்பதுதான் வழி. பக்கத்துக்கு அரை மணி நேரம் போய்விடும். புது லிங்க் வாங்கி வைத்திருந்தால் மெக்கானிக் யோசிக்காமல் அறுத்துவிடுவார்.

எல்லா வண்டிக்கும் ஒரே கூலி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி இரண்டு போல்ட்டில் நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேர்கிறது. உருவினால் கையோடு வரும். போலோவில் ஸ்ட்ரட் குழாய் நக்கிளின் கவ்விக்குள் செருகி நிற்கிறது. கவ்வியை விரிக்க அதற்கென்று ஒரு ஸ்ப்ரெடர் சாவி உண்டு. அது இல்லாத கடையில் உளியை அடித்து விரிப்பார்கள். கவ்வியின் காது விரிசல் விட்டால் நக்கிளே மாற்ற வேண்டியதுதான். அந்தச் சாவி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

கோனி பிராண்டின் சில ஷாக்கப்ஸர்கள் முழு ஸ்ட்ரட்டாக வராமல் இன்சர்ட்டாக வரும். பழைய ஸ்ட்ரட்டின் ஆயிலை வடித்து, குழாயின் தலையை அறுத்து, அடியில் துளை போட்டு, உள்ளே இறக்கி போல்ட் செய்ய வேண்டும். அறுத்த பிறகு பழையபடி கம்பெனி செட்டப்புக்குத் திரும்ப, வேறு ஸ்ட்ரட்தான் தேட வேண்டும். இந்த வேலைக்குச் சாதாரண ஸ்ட்ரட் லேபரைச் சொல்லும் மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க விட்டால் பார்க்க வேண்டியவை சில. ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங் கம்ப்ரஸரில் இறுக்கியிருக்க வேண்டும். அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லக்கூடியது, இதில் விளையாட்டு கிடையாது. புது ஷாக்கப்ஸரைப் போடும்போது அதே நட்டுக்கு இம்பாக்ட் கன் வைக்கக் கூடாது. ஷாக்கப்ஸரிலிருந்து நீளும் ராடை ஆலன் கீயால் பிடித்துக் கையால் முடுக்க வேண்டும். சிலர் ராடையே பிளையரால் கவ்விப் பிடிப்பார்கள். குரோமில் விழுந்த அந்தக் கீறல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலை அறுக்கும். சில மாதத்தில் ஆயில் ஒழுகும், பழி பிராண்டின் மேல் விழும். ட்வின்-ட்யூப் (குழாய்க்குள் குழாய்) ஷாக்கப்ஸர் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். நிமிர்த்தி நாலைந்து தடவை அமுக்கி இழுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும், இரண்டு நிமிட வேலை. ஸ்பிரிங்கின் நுனி, அதைத் தாங்கும் தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

பின்பக்கம் சுலபம்தான், ஆனால் பீமுக்கு அடியில் ஜாக் கொடுக்காமல் ஷாக்கப்ஸர் போல்ட்டை எடுத்தால் பீம் தொப்பென்று இறங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே கடைசிவரை முடுக்குவதும் தப்பு. வண்டி தரையில் நின்றதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். லிஃப்ட்டை இறக்கி, எடை சக்கரத்தில் வந்த பிறகே கடைசி முடுக்கு. அவசர வேலையில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 133. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நம் தெருவில் இருப்பவை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் ஏறியதும் அடி உரசும். கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட வருகிறவர்கள் இரண்டு முறை முழு லேபர் கொடுக்கிறார்கள். நல்ல ஷாக்கப்ஸர் மட்டும் போட்டு உயரத்தைத் தொடாமல் விட்டால் நெடுஞ்சாலையில் வண்டியின் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும்.

அலைன்மெண்ட்டை அன்றே செய்ய வேண்டும். நக்கிள் போல்ட் துளையில் உள்ள இடைவெளியால் கேம்பர் (சக்கரத்தின் மேல்-கீழ் சாய்வு) மாறும், அதோடு டோவும் (சக்கரம் உள்ளே-வெளியே திரும்பியிருக்கும் அளவு) நகரும். லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தால் அது படிந்த பிறகு, 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள், இன்னொரு தடவை. விட்டால் 10,000 கிலோமீட்டரில் டயரின் உள்விளிம்பு மழுங்கியிருக்கும். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். அதற்குத் தனிக் காசு கேட்பது நியாயம்தான்.

பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தால், அது பழுதானால் மறுபடி கழற்றிப் பூட்டும் கூலி யாருடையது என்பதை முன்கூட்டியே பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் ஷாக்கப்ஸரைத்தான் மாற்றித் தருவார். லேபருக்கு அவர் பொறுப்பில்லை. அப்படி மாற்றக் கொண்டுபோகும் முன் ஸ்ட்ரட்டைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ராடைச் சுற்றி லேசான எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம். துடைத்த இடத்திலிருந்து சொட்டாக வழிந்து கீழ்வரை இறங்கியிருந்தால்தான் அது லீக்.