மழைக்குப் பிறகு வந்த 'மழைக்கு முந்தைய' மருந்து: புல்தரை வைத்திருப்பவர்கள் கவனம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைச் சீர்படுத்தி, வாசலில் புல்தரை போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 6,500 ரூபாயும் பாதிப் புல்லும் போன பிறகு எழுதுவதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

எங்கள் முகப்புக்கு எதிரே நாலு சென்ட் கொரியன் புல். மழை பிடித்துவிட்டால் கோரை, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை எல்லாம் கிளம்பிவிடும். எனவே புரட்டாசி முதல் வாரத்திலேயே ஓர் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்தேன். களை முளைப்பதற்கு முன்பே தெளிக்கும் மருந்து என்றார். "ஆச்சி, தை வரை ஒரு பூண்டு தலை காட்டாது" என்று என் அம்மாவிடம் சத்தியம் செய்யாத குறை.

ஆள் வந்தது ஐப்பசி பாதியில். அதற்குள் இரண்டு நல்ல மழை. களை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. இனி அடித்துப் பயன் உண்டா என்று கேட்டேன். கைபேசியில் ஓர் அமெரிக்க வீடியோவைக் காட்டி, "இலையுதிர் காலத்தில்தான் அடிக்கிறார்கள் அண்ணே, நாம் சரியான நேரத்தில்தான் இருக்கிறோம்" என்றார். அங்கே மண்ணின் சூடு ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்போது முளைக்கும் குளிர்காலக் களைகளை மடக்கத்தான் அந்தத் தெளிப்பு. நம் செம்மண் எந்த ஐப்பசியில் அப்படிக் குளிர்ந்தது? நமக்குக் கணக்கு வடகிழக்குப் பருவமழைதான். அதற்கு முன், களை நீக்கிய ஈர மண்ணில் விழ வேண்டிய மருந்து அது.

அன்று அவர் ஊற்றியது பெண்டிமெத்தலின். கேனில் பெயர் இருந்தது. ஆரஞ்சு நிறத் திரவம், தண்ணீரில் கலந்ததும் மஞ்சள் பாலாகத் திரிந்தது. படியோரம் சிந்திய மஞ்சள் கறை, அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஆத்தங்குடிக் கல்லை விட்டுப் போகவில்லை. மருந்து அசல்தான், வந்த நேரம்தான் பொய். மண்ணின் மேல்பரப்பில் நின்று, முளைவிடும் விதையின் வேரையும் குருத்தையும் முடக்குவதே அதன் வேலை. வேரூன்றி நிமிர்ந்துவிட்ட செடியை அது தொடாது. கோரையோ கிழங்கிலிருந்து வருவது. களை பறிக்க வரும் அக்கா அன்றே சொன்னார்: "கிழங்கு கீழே கிடக்கிறது, மேலே அடித்து என்ன தம்பி?" நான் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் புல்லை விடக் களை உயர்ந்து நின்றது. பலமுறை அழைத்த பிறகு வந்தவர், இந்தத் தடவை குடிநீர் பாட்டிலில் எதையோ கொண்டுவந்திருந்தார். லேபிள் இல்லை. தண்ணீரில் ஊற்றினால் பாலாகவும் திரியவில்லை. "இது ஸ்பெஷல்" என்றார். பத்தாம் நாள் தெளித்த இடமெல்லாம் வைக்கோல் நிறம்; களையோடு புல்லும் கருகியிருந்தது. பச்சையாக எது இருந்தாலும் கொல்லும் கிளைபோசேட்டாக இருக்கும் என்பது என் சந்தேகம். 2022 முதல் அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் (pest control operators) வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ரசீதில் 'தோட்டப் பராமரிப்பு' என்ற இரண்டே சொற்கள். கோரை மட்டும் கார்த்திகை முடிவதற்குள் மறுபடி தலை நீட்டிவிட்டது.

கருகிய இடத்தில் விதை தூவித் தருகிறேன், தனியாக 3,000 ரூபாய் ஆகும் என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. முளைப்பைத் தடுக்கும் மருந்தை அடித்த மண்ணில், சில மாதங்களுக்குப் புல் விதையும் முளைக்கத் தடுமாறும்!

யாரை அழைத்தாலும், சீல் உடைக்காத கேனை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறி, நான்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மருந்தின் பெயரை எழுத மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேட்காதது என் சோம்பேறித்தனம்.

சென்ற வாரம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வாசலில் அதே ஆளைப் பார்த்தேன். கையில் கைபேசி, எதிரே ஓர் ஆச்சி, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.