குதிரைக்கு ரப்பர் காலணி: ஒடுகத்தூர் கல் பாதையில் போட்டுப் பார்த்தது

வண்டி மாட்டுக்கும் ஜட்காக் குதிரைக்கும் லாடம் அடித்தே பழகிய மாவட்டம் இது. குதிரையை வெறுங்காலில் ஓட்டுகிறேன் என்றால் வேலூர்ப் பக்கம் பெரியவர்கள் முதலில் பாவமாகப் பார்க்கிறார்கள், அப்புறம் திட்டுகிறார்கள். அவர்கள் அக்கறையில் தப்பே இல்லை. ஆனாலும் நான் லாடத்தைக் கழற்றிவிட்டு, கரடுமுரடான பாதைக்கு மட்டும் வெளிநாட்டு ரப்பர் காலணி ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டியாகிவிட்டது.

என் செவலை, குஜராத்துக் கத்தியவாரி இனக் கலப்புப் பெட்டை, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. நீண்ட தூர சவாரிக்கென்றே பழக்கி வருகிறேன். இந்த சவாரியில் வேகத்தைவிடக் கால்தான் முக்கியம். சர்வதேசப் போட்டிகளில் 160 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் நிறுத்திப் பார்ப்பார். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 64க்கு இறங்க வேண்டும், பிறகு நேர்கோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். லேசாக நொண்டினாலும் அத்தோடு வெளியே. குதிரைகள் அதிகமாக வெளியேற்றப்படுவதே நொண்டலால்தான்.

லாடத்தை ஏன் கழற்றினேன்? குளம்பு தரையில் ஊன்றும்போது பின்பக்கம் சற்று விரியும், தூக்கும்போது சுருங்கும். அதிர்ச்சியை வாங்குவது அந்த அசைவும் அடியில் இருக்கும் மெத்தென்ற சதையும்தான். இரும்பையும் ஆணியையும் அடித்தால் அந்த அசைவு குறைந்துவிடுகிறது. ஆனால் கழற்றிய மறுநாளே கல்லில் ஓட்டக் கூடாது. புதுக் குளம்பு மேலிருந்து நுனி வரை வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். பழைய ஆணி ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி அரத்தில் தேய்ந்து போகும்வரை பொறுமை வேண்டும்.

பாலாற்று மணலுக்கும் வயல் வரப்புக்கும் வெறுங்காலே போதும். சிக்கல் அமிர்தி, ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரப் பாதையில்தான். உடைந்த கருங்கல் முனை முனையாக நிற்கும். வெறுங்காலில் போனால் செவலை காதைப் பின்னால் சாய்த்து, அடியைச் சுருக்கி, ஓரத்துப் புல்லைத் தேடிப் போவாள். முன்னங்கால்களுக்குக் காலணி மாட்டியதும் அதே பாதையில் நட்டநடுவே நீட்டி அடி வைத்தாள். நான் கடிவாளத்தைத் தொடவே இல்லை. காசு கொடுத்தது வீண் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் பின்னங்காலுக்கு நான் வாங்கவில்லை, தேவையும் படவில்லை.

இனி குறைகள். காலணியின் கழுத்துப்பட்டி குதிகால் குமிழுக்கு (குளம்பின் பின்பக்கம் மெத்தென்று புடைத்திருக்கும் இடம்) மேலே உரசி, காசு அகலத்துக்கு முடியைத் தேய்த்து, தோலைச் சிவக்க வைத்துவிட்டது. விற்றவர்களிடம் கேட்டதற்கு உருப்படியான பதில் வரவில்லை. ஆம்பூரில் ஷூ தைக்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். பட்டியின் ஓரத்தைச் சீவி, மெல்லிய ஆட்டுத்தோலை உட்பக்கம் மடித்து, தையல் தோலில் படாதபடி வெளிப்பக்கமாகத் தைத்துக் கொடுத்தார். அதன்பின் புண் இல்லை. இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் இதை அவர்களே செய்திருக்க வேண்டும்.

ஆற்று மணலில் இதைப் போடாதீர்கள். மணல் உள்ளே போய் அரைக்கும். கழற்றிச் சேணத்தில் மாட்டிக்கொள்வதே நல்லது. ஈரப் புல் சரிவில் வழுக்குகிறது, அங்கேயும் வெறுங்காலுக்குத்தான் பிடிப்பு. தார் ரோட்டில் மட்டும் இரும்பைவிட எவ்வளவோ மேல், சறுக்கவே இல்லை. மே மாத வெயிலில் ஒவ்வொரு ஓய்விலும் கழற்றிக் குளம்பை ஆறவிடுங்கள்.

அளவுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. குளம்பைச் சீவின இரண்டொரு நாளில் அகலத்தையும் நீளத்தையும் மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். கத்தியவாரிக் குதிரைக்குக் குளம்பு கொஞ்சம் ஒடுக்கம். செவலைக்கு அகலம் 112, நீளம் 122. அகலத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் நீளம் இடித்திருக்கும். மாட்டியபின் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. குளம்பு வளர வளரக் காலணி இறுக ஆரம்பிக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே அரம் போடுகிறேன்.

அரம் பிடிக்க நேரமில்லாதவர்களும் தினமும் கல்லிலேயே ஓட்டுகிறவர்களும் நல்ல லாடக்காரர் ஒருவரைப் பிடித்து லாடமே அடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சீராகச் சீவி, கவனித்து, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் கல் பாதைக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். டெவிஸ் கோப்பை என்று கலிஃபோர்னியா மலைகளில் 1955 முதல் நடக்கும் 160 கிலோமீட்டர் ஓட்டத்தையே 2012இல் ஒரு குதிரை லாடம் இல்லாமல், பசை போட்டு ஒட்டும் வகை ரப்பர் காலணியில் ஓடி ஜெயித்திருக்கிறது. நம் ஊருக்குப் பட்டி மாட்டும் வகையே சரி. தேவைப்படாத இடத்தில் கழற்றிவிட முடியும். உதிரிப் பட்டி ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள், முதலில் அறுகிறது அதுதான்.