அட்டோ 3-ஆ, மாடல் 3-ஆ? பின் சீட்டிலிருந்து ஒரு கணக்கு

எது நல்ல கார் என்று கேட்டால் டெஸ்லா மாடல் 3 என்பேன். எங்கள் வீட்டுக்கு எது என்று கேட்டால் பிஒய்டி அட்டோ 3. இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளைத் தொலைத்து, இரண்டு மின்கார்களையும் ஓட்டிப் பார்த்த பிறகு வந்த முடிவு இது.

சிங்கப்பூரில் காருக்கு முன்னால் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழ், வந்து நிற்கும். 2022 மே மாதத்திலிருந்து 110 கிலோவாட் வரை சக்தியுள்ள மின்கார்கள் ஏ பிரிவு. அதைத் தாண்டினால் பி. 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது, அதே ஏலத்தில் ஏ பிரிவு 106,000. அந்த 44,000 வெள்ளி இடைவெளியைக் கார் நிறுவனங்களும் பார்த்தன. அட்டோ 3 முதலில் 150 கிலோவாட்டுடன்தான் இங்கே வந்தது, பிறகு 100 கிலோவாட்டில் ஒன்று வந்தது. டெஸ்லாவும் மாடல் 3-ஐ 110 கிலோவாட்டுக்கு அடக்கி விற்கிறது. நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். மீதிக் குதிரைகளை லாயத்திலேயே விட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

அரசாங்கத் தள்ளுபடிகள் இரண்டு கார்களுக்கும் உண்டு. இரண்டு தள்ளுபடித் திட்டங்களையும் சேர்த்து 2025-இல் அதிகபட்சம் 40,000 வெள்ளி, 2026-இல் 30,000. எனவே அதை வைத்து இதுவா அதுவா என்று தீர்மானிக்க முடியாது. வாங்கும் முறைதான் வேறு. டெஸ்லாவைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். போட்ட விலை போட்டதுதான். பிஒய்டி பக்கம் போனால் விற்பனையாளர் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார், நாமும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். தேக்கா சந்தையில் கொத்தமல்லிக்கட்டுக்கே பேரம் பேசும் என் மனைவிக்கு டெஸ்லா கடையில் ஏதோ குறைந்தது போலிருந்தது.

சார்ஜிங் விஷயத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு உண்மை நிலவரம் எளிது. புளோக்கின் அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் இருப்பவை பெரும்பாலும் 7.4 கிலோவாட் இயந்திரங்கள். மாடல் 3-ஆல் 11 கிலோவாட் வரை வாங்க முடியும், அட்டோ 3-ஆல் 7தான். ஆனால் குழாயில் வருவதே அவ்வளவுதான் என்றால் குடம் பெரிதாக இருந்து என்ன பயன்? இரண்டின் பேட்டரியும் சுமார் 60 யூனிட் என்பதால், காலியிலிருந்து நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் செருகிவிட்டுத் தூங்க வேண்டியதுதான், அதுவும் இடம் கிடைத்தால். எங்கள் புளோக்கில் ஒருவர் சார்ஜ் ஏறி முடிந்தபிறகும் விடியும்வரை வண்டியை எடுக்கமாட்டார். எந்தக் கார் வாங்கினாலும் அவர் கூடவே வருவார்.

மின்சாரச் செலவில் டெஸ்லா கெட்டிக்காரன். நூறு கிலோமீட்டருக்கு மாடல் 3 கேட்பது 13.2 யூனிட், அட்டோ 3 கேட்பது 15.6. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், யூனிட் 60 காசு என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 216 வெள்ளி, மாதத்துக்கு 18 வெள்ளி. நால்வர் ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடக்கூடக் காணாது.

மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினால்தான் இரண்டும் பிரிகின்றன. சிங்கப்பூரை விட்டுப் போகும் காரில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கவேண்டும் என்ற விதி மின்காருக்குக் கிடையாது, அந்த நிம்மதி இரண்டுக்கும் பொது. கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஒரு சார்ஜில் அட்டோ 3 ஓடும் 420 கிலோமீட்டர், மாடல் 3 ஓடும் 513 எல்லாம் சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு 110-இல் பறந்தால் இரண்டும் இறங்கும். மாடல் 3-இல் ஒரே மூச்சில் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு, அட்டோவில் வழியில் நிறுத்தியே ஆக வேண்டும். வேகச் சார்ஜரில் டெஸ்லா 170 கிலோவாட் வரை இழுக்கும். அட்டோ 80 சொச்சத்தோடு நின்றுவிடும், முப்பது சதவீதத்திலிருந்து எண்பதுக்குப் போக அரை மணி நேரம். தனியாக அடிக்கடி மலேசியா போய்வருபவருக்கு நான் தயங்காமல் மாடல் 3-ஐத்தான் சொல்வேன். கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள பத்துமலைக்கு நாங்கள் போவது ஆண்டுக்கு ஒருமுறை. என் அம்மாவோடு போனால் ஓய்விடத்தில் ஒரு தே தாரேக், ஒரு கழிவறை, பிறகு "கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன்பா" என்று அரை மணி நேரம் எப்படியும் போய்விடும்.

அம்மா என்றதும்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவருக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மாடல் 3-இன் பின்கதவைத் திறந்து, முதலில் தலையைக் குனிந்தார், பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டார், மறுகையால் கதவுத் தூணைப் பிடித்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயரம்; முழங்கால்கள் தொடையைவிட மேலே எழும்பி நின்றன. இறங்கும்போது என் தோள் தேவைப்பட்டது. கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்து, "மத்தியானம் இதுக்குள்ள அப்பளம் காயப்போடலாம்" என்றார். அட்டோ 3-இல் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி உட்கார்ந்தார், கால்களை உள்ளே எடுத்துவைத்தார், முடிந்தது. அதன் கூரைக்குத் திரையும் உண்டு.

ஓட்டுநர் இருக்கையில் கதை தலைகீழ். மாடல் 3 வளைவுகளில் சாலையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அட்டோ கொஞ்சம் சோம்பேறி, வளைவில் சாய்கிறது. ஆனால் நான் ஓட்டிய மாடல் 3-இல் இண்டிகேட்டர் தண்டு இல்லை, ஸ்டீரிங்கில் பொத்தான்கள்தான். ரவுண்டானாவில் சக்கரத்தைத் திருப்பியபடி பொத்தானைத் தேடி, பின்னால் வந்தவரிடம் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேகத்தைப் பார்க்கவும் நடுத்திரைக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். அட்டோவில் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. கூடுதலாகக் கதவுப் பையில் கிட்டார் கம்பிகள்போல மூன்று கயிறு. என் மகன் அதைச் சுண்டிய சத்தத்தில் விற்பனையாளரின் பேச்சே கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி.

சாமான் வைக்கும் இடம் கணக்குப்படி மாடல் 3-இல் அதிகம், 594 லிட்டர், அட்டோவில் 440. ஆனால் மாடல் 3-இன் டிக்கி வாய் குறுகல், மடித்த சக்கர நாற்காலியைச் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. அட்டோவின் பின்கதவு கூரைவரை திறக்கிறது.

முன்பணம் கட்டியாயிற்று. புதன்கிழமை மாலை 4 மணிக்கு சிஓஇ ஏலம் முடிகிறது. நிறம் மட்டும் இன்னும் பாக்கி: அம்மாவுக்கு வெள்ளை, மகனுக்கு நீலம், என்னை யாரும் கேட்கவில்லை.