சாயங்காலம் ஆறு மணி மைக்: ஒரு வருஷம் கேட்டவன் சொல்வது

எங்கள் ஊர் தகவல் மையத்து மைக் செட்டுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த அந்த ஒன்று தெற்குத் தெரு குழாய் ஸ்பீக்கருக்காக. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பைபர் போட் வைத்துத் தொழில் செய்கிறவன் நான். விடியற்காலை மூன்று மணிக்குப் போட்டை இறக்க வேண்டுமென்றால் ஐஸ், டீசல், ஆள் எல்லாம் முந்தின சாயங்காலமே முடிவாகிவிட வேண்டும். அதனால் ஆறு மணிக்கு மைக் பேசுவது கச்சிதமான நேரம். மறுநாளைய காற்று, அலை, நீரோட்டம், மீன் எந்தப் பக்கம் கூடும் என்று நாலைந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். காசு கிடையாது.

இதெல்லாம் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் தகவல்தான். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். “அப்புறம் மைக் எதுக்குப்பா?” என்று கேட்டு என் மகன் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். அதன் பெயர் வேண்டாம். திறந்ததும் ‘குறிப்பிடத்தக்க அலை உயரம் 2.1 மீ’ என்று வந்தது. யார் குறிப்பிட, எதைக் குறிப்பிட? செதில் ஒட்டின ஈர விரலுக்கு அந்தக் கண்ணாடி அசையவும் மாட்டேன் என்றது. ஒரு நாள் அது நேற்றைய படத்தையே இன்றைக்கும் காட்ட, தேதி பொடி எழுத்தில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்த நாளில் நாலு பேர் கரையில் உட்கார்ந்து சீட்டாடினோம்.

மைக்கில் பேசுகிற பெண் எங்கள் ஊர் மருமகள். பிளஸ் டூ வரை படித்தவள். வந்த புதிதில் அவளும் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தாள், யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டாள். திரையில் 44 மீட்டர் ஆழம், 110 டிகிரி, 18 கிலோமீட்டர் என்று இருந்தால் மைக்கில் “இருபத்திநாலு பாகம், கெழக்கால கொஞ்சம் தெக்கு சாஞ்சு, பதினெட்டு கிலோமீட்டர்” என்று வரும். பாகம் என்றால் எங்களுக்குக் கை நீட்டி அளந்த கயிறு.

அந்த அலை உயரச் சண்டையையும் அவள்தான் தீர்த்தாள். ரெண்டு மீட்டர் என்று சொன்ன நாளில் மூன்றரைக்கு மேல் ஒரு அலை எழும்பி எங்கள் ஐஸ் பெட்டியை வாரிக்கொண்டு போனது. நேராக மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். “மாமா, அது எல்லா அலைக்கும் கணக்கு இல்ல. பெரிய அலையா மூணுல ஒரு பங்க எடுத்துப் போட்ட சராசரி. தனியா ஒண்ணு அதுக்கு ரெண்டு மடங்கு கூட வரும்” என்றாள். அன்றிலிருந்து “ரெண்டு மீட்டர், நடுவுல ரெண்டு ஆள் உசரம் வரலாம்” என்று சேர்த்தே சொல்கிறாள். எந்த ஆப்பிலும் இப்படிச் சொல்லி நான் பார்க்கவில்லை.

மீன் இருக்கும் இடத்தைச் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் சூட்டையும் பாசியின் பச்சையத்தையும் பார்த்துக் குறிக்கிற இடம் அது. சூரை, கவளை மாதிரி மேலே மேய்கிற மீனுக்குச் சரி. நண்டு, இறாலுக்கு அதை நம்பி டீசல் ஊற்றாதீர்கள். வானம் மூடிக் கிடந்தால் அந்தத் தகவலே வராது, ஐப்பசி கார்த்திகையில் பல நாள் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்திலும் வராது.

கள்ளக்கடல் வரும்போது மட்டும் அவள் ரெண்டு தடவை சொல்வாள். காற்றே இல்லாத நாளில் அலை கரையேறி வந்து வலையை இழுத்துக்கொண்டு போகும். எங்கோ தெற்கே தூரக் கடலில் அடித்த புயலின் அலை, பல நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கிறது. கேரளத்து மீனவர்கள் வைத்த பெயரை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. வலை காயப்போடுகிற பெண்களுக்குத்தான் இந்த அறிவிப்பு முதலில் தேவை, அவர்கள் கையில் போன் இருக்காது.

மைக் யோசனை ஒன்றும் புதிதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை நடுவாக வைத்து ஊர் அறிவு மையங்களைத் தொடங்கியது. அப்போது அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்டு வைத்த அலைக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் தமிழில் அறிவித்தார்கள். போர்க்கப்பலுக்குப் போட்டதைக் கட்டுமரத்துக்காரன் கேட்டான்! 2004 சுனாமி அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்ன செய்தியை மைய ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஜனங்களை ஓட வைத்தார்கள்.

இனி அந்தத் தெற்குத் தெரு குழாய். உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆறு மாசமாகக் கரகரக்கிறது. ‘வடக்கு’ என்றாலும் ‘கெழக்கு’ என்றாலும் ஒரே சத்தம். எழுதிக் கொடுத்தும் ஆள் வரவில்லை. கரண்ட் போனால் பேட்டரி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு. கடலுக்கு ஏது ஞாயிறு?

போன ஆடித் திருவிழாவில் மூன்று நாள் மைக் அம்மன் பாட்டுக்குப் போய்விட்டது. அந்த மூன்று நாளும் ஆறு மணிக்கு இருபது, முப்பது பேர் மையத்து வாசலில் வந்து நின்றோம். பாட்டுச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று அவள் சாக்பீஸால் சுவரிலேயே எழுதிப் போட்டாள். பாகத்தில்தான் எழுதினாள்.