இரண்டு பெயர்களோடு ஒரு வாடகை ஒப்பந்தம்

திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து சென்னையில் வீடு தேடப் புறப்பட்டால், அவர்களுக்கு முதலில் பொய் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கப்படுகிறது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று டு-லெட் பலகையிலேயே எழுதியிருக்கும். அதையும் தாண்டிக் கேட்டால், கல்யாணம் ஆகிவிட்டது என்றே சொல்லுங்கள், மெட்டி போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழா கேட்கப் போகிறார்கள் என்று தரகரே யோசனை சொல்வார். 2023ஆம் ஆண்டு நானும், இன்று என் கணவராக இருப்பவரும் வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வரை ஒன்பது வீடுகள் பார்த்தோம். ஆறு இடங்களில் இந்த யோசனை எங்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு இடங்களில் அதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வந்துவிட்டது.

பத்தாவது வீட்டை எங்களுக்குப் பார்த்துக் கொடுத்தது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய வாடகை வீட்டு அலுவலகம். திருமணத்திற்கு முன் சேர்ந்து வாழ நினைக்கும் இணையர்களுக்கும், தனியாக வாழும் பெண்களுக்கும், உண்மையை உரிமையாளரிடம் மறைக்காமல் வீடு ஏற்பாடு செய்வதே அவர்களுடைய தொழில். கட்டணம் ஒரு மாத வாடகை. மற்ற தரகர்கள் வாங்குவதும் அதுவே என்பதால் இதைக் கூடுதல் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் பதினைந்து மாதங்கள் வாழ்ந்து, திருமணமும் முடிந்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வீடு கிடைத்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பாராட்டு மட்டுமே இருந்திருக்கும்.

முதல் சந்திப்பில் அவர்கள் வீடு எதையும் காட்டவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் சாதிக்கோ மதத்துக்கோ இடமே இல்லை. பிறகு அலுவலகத்தை நடத்தும் அம்மையார் எங்கள் இருவரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினார். வாடகையை யார் கட்டுவீர்கள், எந்த விகிதத்தில், முன்பணம் யாருடைய பணம், நாளை பிரிய நேர்ந்தால் வீட்டில் யார் தங்குவது, யார் வெளியேறுவது என்று அவர் கேட்டார். நான்கு வருடம் பழகிய எங்களுக்குள் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அதுவரை எழுந்ததில்லை. பிரிந்தால் அவளே இருக்கட்டும், நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று என் துணைவர் சொல்லியிருக்கிறார். நானோ, பிரிந்தால் நான் அம்மாவிடம் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். எங்கள் பதில்கள் இருந்த இரண்டு தாள்களையும் அம்மையார் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களைப் படிக்கச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்டான்லி, கலேனா ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள், சேர்ந்து வாழத் தொடங்கும் இணையர்களை வெகுகாலமாக ஆராய்ந்துவருகிறார்கள். முடிவெடுத்துச் சேர்வது வேறு, வாடகை மிச்சமாகிறது, போக்குவரத்து சுலபமாகிறது என்று மெல்ல வழுக்கிச் சேர்வது வேறு என்பது அவர்களுடைய முக்கியமான கருத்து. நிச்சயம் செய்துகொண்ட பிறகோ திருமணத்திற்குப் பிறகோ சேர்ந்து வாழத் தொடங்கியவர்களைவிட, அத்தகைய உறுதி எதுவும் ஏற்படுவதற்கு முன்பே சேர்ந்தவர்களின் திருமணங்கள் அதிகமாக முறிந்ததை அவர்கள் கண்டார்கள். அமெரிக்க எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது; குடும்பத்தை எதிர்த்துக்கொண்டு சேரும் நம் இணையர்கள் அவ்வளவு எளிதில் வழுக்கி விழுந்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்த வேறுபாடு இங்கும் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்களை முடிவெடுக்க வைத்தது காதல் அல்ல, அந்த அம்மையார் நீட்டிய தாள்.

மூன்றாம் நாள் மேடவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியைக் காட்டினார்கள். உரிமையாளர் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். எங்களைப் பற்றிய விவரம் முன்பே சொல்லப்பட்டிருந்ததால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார்.

"ஏம்மா, வீட்டுல தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும் மேடம். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

"நாளைக்கு உங்கப்பா வாசல்ல வந்து நின்னா நான் என்னம்மா சொல்லணும்?"

"மாடியிலதான் இருக்காங்கன்னு சொல்லுங்க மேடம்."

சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் மோட்டார் எப்போது போடுவார், மாடிக் கொடியில் எந்தப் பக்கம் துணி காயப்போடலாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வீடு எங்களுக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வாடகை 19,000 ரூபாய். முன்பணமாக மூன்று மாத வாடகைதான் வாங்கினார். ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கும் வழக்கம் இன்னும் மறையாத ஊரில் இது பெரிய உதவி.

உரிமையாளர்களின் அச்சத்தைப் போக்க இந்த அலுவலகம் தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சிட்டு வைத்திருக்கிறது. வயது வந்த இருவர் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு நடிகை குஷ்பு தொடர்பான வழக்கின் தீர்ப்பில் தெளிவுபடுத்தியதை அது எளிய சொற்களில் சொல்கிறது. கோயம்புத்தூரில், திருமணமாகாத ஓர் இணை தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி மூடி முத்திரையிடப்பட்ட தங்கும் விடுதியை, அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறித் திறக்கச் சொன்ன 2019ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் அதில் இருக்கிறது. எங்கள் உரிமையாளர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நல்ல தாள்.

ஆனால் உள்ளே குடிபோகும் பெண்ணுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. இந்தச் சேவையின் பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தின் தன்மை கொண்ட உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வாடகை வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அதைப் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகவே ஏற்கிறது. ஆனால் எந்த உறவு அந்தத் தன்மை கொண்டது? கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கில், 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளைச் சொன்னது. இருவரும் திருமண வயதை எட்டியவர்களாகவும், மணம் செய்துகொள்ளத் தடையற்றவர்களாகவும் இருக்க வேண்டும். விரும்பிச் சேர்ந்து குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்திருக்க வேண்டும். சமூகத்தின் முன் கணவன் மனைவியைப் போலத் தங்களை வெளிப்படுத்தியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை என்னை நெடுநாள் உறுத்தியது. மெட்டி போட்டுப் பொய் சொன்னவளுக்கு எளிதாகக் கிடைக்கும் பாதுகாப்பு, உண்மையைச் சொன்ன எனக்குக் கடினமாகிவிடுமோ என்று அஞ்சினேன். 2013ஆம் ஆண்டின் இந்திரா சர்மா வழக்கில் நீதிமன்றம், உறவின் கால அளவு, பகிர்ந்து வாழ்ந்த வீடு, பணத்தைச் சேர்த்துச் செலவிட்ட விதம், வீட்டு நிர்வாகம், இருவருடைய நோக்கம் ஆகியவற்றையும் அளவுகோல்களாகச் சொன்னதை ஒரு வழக்கறிஞர் தோழி எடுத்துக்காட்டிய பிறகே நிம்மதி வந்தது. அந்த அளவுகோல்களுக்கெல்லாம் சான்று காகிதத்தில்தான் இருக்கிறது.

அதனால்தான் ஒப்பந்த வரைவு வந்தபோது நான் கலங்கிப்போனேன். வாடகைதாரர் என்ற இடத்தில் என் துணைவர் பெயர் மட்டுமே இருந்தது. நான் 'உடன் வசிப்பவர்' என்ற ஒரு வரியில், பெயர்கூட இல்லாமல் இருந்தேன். இருவரிடமும் தனித்தனியே அத்தனை கேள்விகள் கேட்ட அலுவலகம், எழுத்தில் வரும்போது ஆணை மட்டுமே பார்த்திருந்தது. பழைய மாதிரிப் படிவம், தட்டச்சு செய்பவர் கவனிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். இரண்டு நாளில் திருத்தியும் தந்தார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவை அவர்களே அலைந்து முடித்துக் கொடுத்தார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், நான் பாதி வாடகை கட்டிய வீட்டில் எனக்குப் பெயரே இருந்திருக்காது.

இனி, சேர்ந்து வாழ்ந்ததால் என்ன தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு பிற்பகல் மின்வாரிய ஊழியர் வந்து மாடிக்கான ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மின்கட்டணம் என் துணைவருடைய பொறுப்பு. கைப்பேசிக்கு நினைவூட்டல் வந்தும் அவர் அதைத் திறக்கவே இல்லை. பணம் இல்லாமல் அல்ல. அன்று இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், சிறுவயதில் அவர் அப்பா பட்ட கடனைப் பற்றியும், கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றதைப் பற்றியும், பணம் கேட்டு வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்க இன்றும் கை நடுங்குவதைப் பற்றியும் சொன்னார். நான்கு வருடம் கடற்கரையிலும் காபிக் கடையிலும் பேசித் தீர்த்தவர்கள் நாங்கள். ஃபியூஸ் பிடுங்கப்படாமல் இருந்திருந்தால் இதை நான் அறிந்திருக்கவே மாட்டேன். அன்றிலிருந்து கட்டணங்கள் என் பொறுப்பு. சந்தையும் சமையலும் அவர் பொறுப்பு. என்னைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதும் குறைவல்ல: சண்டை வந்தால் நான் இரண்டு நாள் பேசமாட்டேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் அந்த மௌனம் எவ்வளவு கொடியது என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது.

எனவே, சேர்ந்து வாழலாமா என்று கேட்கும் தோழிகளிடம் வாழலாம் என்றே சொல்கிறேன். வாடகையை மிச்சப்படுத்தவோ, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடவோ என்றால் வேண்டாம் என்கிறேன். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, பிரிந்தால் என்ன என்பதைப் பேசி எழுதிவிட்டு, இரண்டு பெயரும் உள்ள ஒப்பந்தத்தோடு போகவேண்டும். அப்படிப் போக நினைப்பவர்களுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வடசென்னையிலும் அம்பத்தூர் பக்கமும் அவர்களிடம் வீடுகள் இல்லை. 15,000 ரூபாய்க்குக் கீழேயும் அநேகமாக இல்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்குத்தான் இந்தச் சேவை அதிகம் தேவைப்படுகிறது என்பதால் இது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த ஒரு பக்கத் தாளையும் அவர்கள் புதுப்பிக்க வேண்டும். சேர்ந்து வாழத் தொடங்கிய ஒரு மாதத்திற்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று உத்தரகாண்டில் 2025 ஜனவரி 27 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. செய்தியில் அதைப் படித்த நம் ஊர் உரிமையாளர்கள் சிலர் இங்கேயும் அப்படித்தான் என்று பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்ய அறிவிப்புக் கொடுக்கும்போது, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது வசித்திருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் முகவரிக்குச் சான்று கேட்டபோது நாங்கள் நீட்டியது அந்த வாடகை ஒப்பந்தத்தைத்தான். எழுத்தர் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, நகல் மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களில் எங்கள் வீட்டு உரிமையாளரும் ஒருவர். என் அப்பா அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் என் தோழி ஒருத்தி இதே அலுவலகத்தின் மூலம் வீடு பிடித்தாள். முதல் வரைவில் இன்னமும் ஆணின் பெயர் மட்டும்தான் வந்ததாம்.