கம்பெனி மெயிலை இடம் மாற்றும்போது: நான்கு சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மெயில் சேவைகளை ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் இடவசதியையும் கட்டணத்தையும் வரிசையாகப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது போதாது. வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்த சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்) மெயிலில் பல வருட மெயில்கள் கிடக்கும். அவற்றை எந்தச் சேவை சேதாரமில்லாமல் உள்ளே எடுத்துக்கொள்கிறது, மாற்றிய மறுநாள் ஸ்கேனரும் பில்லிங் சாஃப்ட்வேரும் ஒழுங்காக மெயில் அனுப்புகின்றனவா என்பதில்தான் தரம் தெரியும். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ மெயில், ஃபாஸ்ட்மெயில் நான்கையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

டிஎன்எஸ் என்பது ஒரு டொமைனின் வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல். அதில் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு கூகுளில். முன்பு, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் ஐந்து போட வேண்டியிருந்தது; 2023 முதல் ஒன்றே போதும். பழைய ஐந்தை வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம், அவையும் வேலை செய்கின்றன. சறுக்கல் டிகேஐஎம்மில், அதாவது மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தில், வருகிறது. அட்மின் கன்சோலில் 2048 பிட் கீயை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். திரும்பி வந்து கையொப்பத்தைத் தொடங்கும் பட்டனை அழுத்தினால்தான் உங்கள் டொமைன் பெயரில் கையொப்பம் விழும். அந்தக் கீ 255 எழுத்துகளைத் தாண்டுவதால் சில டிஎன்எஸ் பேனல்கள் ஏற்க மறுக்கும். இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும்.

கூகுளின் இறக்குமதிக் கருவி, பழைய சர்வரிலிருந்து ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக மெயிலை மட்டும் இழுக்கும். போல்டர்கள் லேபிள்களாக மாறிவிடும். முகவரிப் புத்தகம், காலண்டர், ஃபில்டர்கள் தனி வேலை. ஸ்டார்ட்டர் திட்டத்தில் தலைக்கு 30 ஜிபி; பெரிய இணைப்புகளோடு வரைபடங்களை அனுப்பிப் பெறும் அலுவலகத்துக்கு இது சீக்கிரம் நிறையும். ஸ்கேனரில் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி அந்தக் கருவிக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும், அல்லது அலுவலகத்தின் நிலையான ஐபியை அடையாளமாக வைத்து மெயிலை வாங்கி அனுப்பும் ரிலே அமைக்க வேண்டும். ஸ்கேனருக்கு ரிலேதான் நல்லது. ஊழியர் யாராவது விலகி அவர் அக்கவுண்டை மூடினாலும் அது நிற்காது.

எல்லோரும் அவுட்லுக்கில் வேலை செய்யும் இடத்தில் மைக்ரோசாஃப்ட்டை விட்டு வேறு பக்கம் போகக் காரணம் குறைவு. மெயிலுக்கு மட்டுமான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 1 தலைக்கு 50 ஜிபி தருகிறது. அதைவிடப் பயனுள்ளது ஷேர்டு மெயில்பாக்ஸ்: விசாரணைக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று என்று பொதுப்பெட்டிகளை 50 ஜிபி வரை தனி லைசன்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆறு பேர் இருக்கும் நிறுவனம் பத்து முகவரிகளை வைத்திருந்தால் கட்டணத்தில் இதுவே பெரிய வித்தியாசம். கூகுளில் இதை குரூப் அல்லது அலியாஸ் (ஒரே பெட்டிக்கு வந்து சேரும் கூடுதல் முகவரி) வைத்துச் சமாளிக்க வேண்டும்.

ஆனால் உள்ளே நுழைவது கூகுள் அளவுக்குச் சுலபமில்லை. ஐமேப் இடமாற்றத்துக்கு ஒவ்வொருவரின் முகவரி, பழைய பயனர்பெயர், பாஸ்வேர்டு அடங்கிய சிஎஸ்வி (கமா இட்டுப் பிரித்த பட்டியல்) கோப்பு வேண்டும். பெட்டிகளை முன்பே உருவாக்கியிருக்க வேண்டும். 35 எம்பியைத் தாண்டும் மெயில்கள், அமைப்பை மாற்றாவிட்டால், வராது. டிகேஐஎம் இங்கேயும் தானாக வராது; ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் ரெக்கார்டுகள் இரண்டு போட்டு இயக்க வேண்டும். புது அக்கவுண்டுகளில் ஸ்கேனர் மெயில் அனுப்பப் பயன்படுத்தும் பழைய எஸ்எம்டிபி உள்நுழைவு அணைத்தே வரும். இன்னொரு தலைவலி ஆட்டோடிஸ்கவர், அதாவது அவுட்லுக் தன் சர்வர் அமைப்பைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி. வெப்சைட் பழைய சிபேனல் சர்வரிலேயே இருந்தால், அவுட்லுக் சில சமயம் அந்த சர்வரைத் தட்டிப் பார்த்து, அது தரும் பழைய அமைப்பையே எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். ஆட்டோடிஸ்கவர் சிநேமைப் புது இடத்துக்குத் திருப்பியும் நிற்கவில்லை என்றால், கோளாறு சர்வர் பக்கத்தில்தான். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

மெயில் மட்டும் போதும், செலவு குறைய வேண்டும் என்பவர்களுக்கு ஜோஹோ. இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, ஆகவே அவுட்லுக்கிலோ போனில் இருக்கும் சாதாரண மெயில் ஆப்பிலோ சேர்க்க முடியாது. தொழிலுக்குக் கட்டணத் திட்டமே சரி. கட்டணத் திட்டத்திலும் ஒவ்வொரு பெட்டியிலும் ஐமேப்பைத் தனியாக இயக்க வேண்டும். சர்வர் பெயரில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்: சொந்த டொமைனோடு கட்டணம் கட்டும் நிறுவனங்களுக்கு ஐமேப்ப்ரோ என்று தொடங்கும் சர்வர், தனிநபர்களுக்கு வேறு. போதாக்குறைக்கு, பதிவு செய்த டேட்டா சென்டரைப் பொறுத்து அதன் கடைசிப் பகுதி .காம், .இன், .இயூ என்று மாறும். ஏதோ ஒரு உதவிப் பக்கத்திலிருந்து நகலெடுக்காமல் உங்கள் அக்கவுண்டின் அமைப்புப் பக்கத்தில் காட்டுவதையே போடுங்கள்.

ஃபாஸ்ட்மெயிலின் இறக்குமதி அமைதியாக வேலை செய்கிறது. பழைய முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போல்டர் அமைப்போடு எடுத்து வந்துவிடும். வேர்டு, எக்ஸெல் போன்றவை இதில் இல்லை. நாலைந்து பேர் இருக்கும் இடத்துக்குக் கச்சிதம், அதற்கு மேல் நிர்வாக வசதிகள் மெலிவு.

எந்தச் சேவையானாலும் எம்எக்ஸை மாற்றுவதற்கு முன் டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் ஒரு ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். சிபேனலில் வழக்கமாக 14400, அதாவது நான்கு மணி நேரம். அந்தப் பழைய நேரம் கழியும் முன் மாற்றினால் குறைத்ததில் பலனில்லை. எல்லாப் பெட்டிகளும் அலியாஸ்களும் முதலிலேயே தயாராக இருக்கட்டும். சர்வர் தற்காலிகமாகப் படுத்திருந்தால் அனுப்புபவரின் சர்வர் பொதுவாகச் சில நாள் விடாமல் முயலும். 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று பதில் போனால் அந்த மெயில் அப்போதே திரும்பிவிடும்.

உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுச் சேவை சொன்னதைப் பழையதற்குக் கீழே இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். வெப்சைட் சர்வர், மார்க்கெட்டிங் மெயில் கருவி, புதுச் சேவை எல்லாம் ஒரே வரியில், டிஎன்எஸ் தேடல் பத்துக்கு மிகாமல் வர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் எதிர்பார்க்கின்றன. ஒரே நாளில் ஜிமெயில் பெட்டிகளுக்கு 5000 மெயில் அனுப்புவோருக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் (இந்தச் சோதனையில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ரெக்கார்டு) கட்டாயம். டிமார்க்கை எடுத்த எடுப்பில் ரிஜெக்ட்டில் வைக்காதீர்கள். எதையும் தடுக்காத நன் நிலையில் அறிக்கைகளைப் பார்த்து, மறந்துபோன அனுப்புநர்களைக் கண்டுபிடித்த பிறகு இறுக்குங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் சிபேனலின் இமெயில் ரூட்டிங். எம்எக்ஸை வெளியில் மாற்றிவிட்டாலும், இதில் லோக்கல் என்று இருக்கும்வரை அந்த சர்வர் மெயில் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பும். வெப்சைட்டின் தொடர்புப் படிவத்தில் வரும் விசாரணைகள் சத்தமில்லாமல் பழைய பெட்டியில் விழும். பிழைச் செய்தியும் வராது. அதே ஷேர்டு சர்வரில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் அனுப்புவதும் அப்படியே. ரிமோட் என்று மாற்றிவிட்டு, படிவத்தை ஒரு தடவை நிரப்பி அனுப்பி, எங்கே வந்து சேர்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி சர்வரிலிருந்து நீக்கிவிடும் பாப் முறையில் இருந்தவர்களின் பழைய மெயில் சர்வரில் இருக்காது, அவர்களின் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பாகக் கிடக்கும். ஐமேப் நகல் அதைத் தொடாது; அவுட்லுக்கில் திறந்து புதுப் பெட்டிக்கு இழுத்துப் போட வேண்டியதுதான். ஜிமெயிலிலிருந்து வெளியேறுபவர்கள் எல்லா மெயிலும் மறுபடி காட்டப்படும் ஆல் மெயில் போல்டரைத் தவிர்த்தால் ஒவ்வொரு மெயிலும் இரண்டாக வருவது நிற்கும். ஐமேப் வழியாக ஜிமெயில் ஒரு நாளைக்குத் தரும் அளவு 2500 எம்பி. 30 ஜிபி பெட்டியை ஒரு வார இறுதியில் முடிக்கத் திட்டமிடாதீர்கள்.

எம்எக்ஸ் மாறிய பிறகு நகலை இன்னொரு முறை ஓட்டி, இடைப்பட்ட மெயில்களைப் பிடியுங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள். ரத்து செய்யும் முன் டொமைனின் நேம்சர்வர் (டிஎன்எஸ் ரெக்கார்டுகள் இருக்கும் சர்வர்) எங்கே என்று பாருங்கள்; பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், அதை மூடும் அன்று புது எம்எக்ஸும் வெப்சைட்டும் சேர்ந்தே காணாமல் போகும். எல்லா ரெக்கார்டுகளையும் டொமைன் பதிவாளரிடமோ வேறு டிஎன்எஸ் சேவையிலோ முழுதாக எழுதி, நேம்சர்வரைத் திருப்பி, இரண்டு நாள் விட்டு ரத்து செய்யுங்கள்.