பாவ்-ஃபுக்கா, ஃபூ-தாமா: கான்டனீஸில் சுமையைச் சொல்ல எது?

கான்டனீஸ் என்ற சீன மொழி பேசும் ஹாங்காங்கில் சுமை என்றதும் பலர் வாயில் வருவது ஃபூ-தாம். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், வைத்தியச் செலவு எல்லாம் இதில் அடங்கிவிடும். வினையாகவும் வரும்: ‘ஃபூ-தாம் ம் ஹேய்’ என்றால் நமக்குக் கட்டுப்படியாகாது. காசு விவகாரத்துக்கு இதுவே போதும்.

சுமையோடு தளையும் சேர்ந்துகொண்டால் என் ஓட்டு பாவ்-ஃபுக்குக்குத்தான். நேர்ப்பொருள் துணிமூட்டை. பழைய புகழ், குடும்பப் பெயர், நாலு பேர் பேச்சு என்று கையைக் கட்டிப்போடும் எதையும் இதில் முடிந்துவைக்கலாம். தொலைக்காட்சி விளையாட்டில் கோணங்கி முகம் காட்டத் தயங்கும் பாடகரை ‘நட்சத்திர மூட்டை’ சுமப்பவர் என்பார்கள். கூச்சநாச்சமின்றி இறங்கி ஆடுபவருக்கு ‘மோ பாவ்-ஃபுக்’, அதாவது மூட்டையே இல்லை. இது வெறும் பெயர்ச்சொல். வினையாக்கினால் வாக்கியம் நிற்காது.

எதைப் போடுவது என்று குழம்பினால் கூட வரும் வினையைப் பாருங்கள். மூட்டையை இறக்கி வைக்கலாம்: ‘ஃபோங் தை பாவ்-ஃபுக்’. தவணையை அப்படி இறக்கி வைக்க வங்கி விடுமா? குறைக்கத்தான் முடியும்: ‘காம் ஹிங் ஃபூ-தாம்’. மனசு வைத்தால் உதறக்கூடியது பாவ்-ஃபுக், மாதாமாதம் கட்டியே தீரவேண்டியது ஃபூ-தாம். ‘கனம்’ என்ற அடைமொழியை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், அது இரண்டோடும் ஒட்டும். குடும்பப் பொறுப்பு போன்ற இடங்களில் பேச்சில் இரண்டும் கலந்தே வரும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. ‘பாவ்’வின் தொடக்கம் நம் ‘பல்’லில் வரும் ப-தான், மூச்சுக்காற்று சேர்க்க வேண்டாம். தொல்லை கடைசி க்-கில். தமிழ் நாக்கு உகரம் சேர்த்து ‘ஃபுக்கு’ என்று முடித்துவிடும், அங்கே கூடுதலாக ஓர் அசை முளைக்கும். அடிநாக்கை மேலே ஒட்டி, வெடிக்கவிடாமல் அப்படியே நிறுத்த வேண்டும். தொனியும் முக்கியம்: ‘பாவ்’ உயர்ந்த சமதொனி (குரல் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்பது), ‘ஃபுக்’ தாழ்ந்த சமதொனி. ஃபுக்கை உயர்த்தினால் அந்த அசைக்குப் பொருள் பாக்கியம் என்றாகிவிடும். ஃபூ-தாமில் இதற்கு நேர்மாறாக ஃபூ தாழும், தாம் உயரும். முடிவில் ம் என்பதால் தமிழருக்குச் சுலபம்.

ஓர் இடத்தில் மட்டும் பாவ்-ஃபுக்கைக் கைவிடுங்கள். ‘பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க மனசில்லை’ என்று பெரியவர்கள் சொல்லும்போது அங்கே வருவது ஃபூ-தாம்.